எல்லையில் கட்டிய உருமா

உசிலம்பட்டிக்கு மேற்கே, தேனி ரோட்டில், ஊர் எல்லைக்கல் அருகே அன்று உச்சி வெயிலில் நின்றவர்கள் சின்னச்சாமி, அவர் மனைவி முருகம்மாள், மகள் தமிழ்ச்செல்வி, பக்கத்துத் தோட்டத்து மருது. சைக்கிளில் வந்தவர்கள் தமிழ்ச்செல்வியின் கணவன் நல்லகாமனும், அவனோடு சேர்ந்து ஓட்டுகிற ஸ்டீபன் வாத்தியாரும். வேறு யாரும் அங்கே இல்லை.

நல்லகாமன் சின்னச்சாமிக்கு அக்கா மகன். பெண் கொடுத்ததால் மாப்பிள்ளையும் ஆனவன். ஒத்தக்கடையில் வீடு கட்டிக்கொண்டு அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தான். நாற்பது வயதுக்கு மேல் அவனுக்குச் சைக்கிள் ஆசை வந்தது. வாசலில் கார் நிற்க, மாப்பிள்ளை இறுக்கிப் பிடித்த டவுசரோடு சைக்கிளில் திரிந்தது சின்னச்சாமிக்குப் பெரிய தலைக்குனிவாகப் போயிற்று. அந்தச் சைக்கிளை அவர் ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

நல்லகாமன் தனக்கென ஓர் இலக்கு வைத்திருந்தான். சைக்கிள் சங்கம் நடத்தும் இருநூறு, முந்நூறு, நானூறு, அறுநூறு கிலோமீட்டர் என நான்கு ஓட்டங்களையும் ஒரே ஆண்டில், கொடுத்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஒன்று தவறினாலும் மறு ஆண்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். போன ஆண்டு நானூறில் முழங்கால் பூட்டிக்கொண்டது. இந்த ஆண்டு மூன்று முடிந்து அறுநூறு மட்டும் மீதி இருந்தது. இதோடு நிறுத்தாவிட்டால் நடக்கக்கூட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறு ஆண்டு என்ற ஒன்று அவனுக்குக் கிடையாது.

அந்த ஓட்டத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வழியில் கடைகளில் எதை வேண்டுமானாலும் வாங்கிச் சாப்பிடலாம். வீட்டார் கையால் ஒரு மடக்குத் தண்ணீர் வாங்கிக் குடித்தாலும் ஓட்டம் செல்லாது. வந்து சேர்ந்ததற்குச் சாட்சியாக ஓட்டுகிறவர்கள் தங்கள் அட்டையில் முத்திரை வாங்கும் இடங்களில் மட்டும் அதற்கு அனுமதி. உசிலம்பட்டியில் அந்த இடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடை.

சந்தையில் மாட்டுத் தரகர் ஒருவர் எழுந்து நின்று, உங்கள் மாப்பிள்ளை திருநெல்வேலி வரைக்கும் மிதித்துப் போய்த் திரும்பினாராமே என்று கேட்ட நாளில் சின்னச்சாமியின் மனம் மாறியது. தாய்மாமன் முறையில் பட்டுத் துண்டால் உருமாத் தலைப்பாகை கட்டி மரியாதை செய்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தார். டீக்கடையில் வைத்துத்தான் செய்ய வேண்டுமென்று தமிழ்ச்செல்வி படித்துப் படித்துச் சொன்னாள். தலையாட்டினார். ஆனால் ஜெயித்து வருகிறவனை எல்லையில் எதிர்கொண்டு அழைப்பதுதான் அவர் வீட்டு வழக்கம். எச்சில் கிளாசுகளுக்கு நடுவே தலைப்பாகை கட்டி அவருக்குப் பழக்கமில்லை. கார் டீக்கடையைத் தாண்டிப் போனபோது மகள் கெஞ்சியது அவர் காதில் ஏறவில்லை.

கணவாய் இறங்கி இரண்டு சைக்கிள்களும் வந்தன. சின்னச்சாமி பட்டுத் துண்டை விரித்துப் பிடித்தபடி ரோட்டில் இறங்கி நின்றார். பக்கத்தில் முருகம்மாள் மோர்ச் செம்போடு நின்றாள்.

நல்லகாமன் ஒரு காலை ஊன்றினான். "மாமா, டீக்கடைக்கு வாங்க. அங்க வச்சுக் கட்டுங்க."

"எல்லையில வந்து நிக்கிறவன டீக்கடைக்கு வரச்சொல்றியா மாப்ள?"

"இங்க வாங்குனா அவரு ஓட்டுனது கணக்குல வராதுப்பா" என்றாள் தமிழ்ச்செல்வி.

"ஒரு வாய் மோர் குடிச்சா சைக்கிள் தானா ஓடிருமா தாயி?"

மருது வேறு பக்கம் பார்ப்பதுபோல நின்றார். ஸ்டீபன் குனிந்து, "அண்ணே, நான் முன்னால போறேன். நான் எதையும் பாக்கல" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

விரித்த துண்டோடு நீண்டிருந்த மாமனின் கைகளை நல்லகாமன் பார்த்தான். அந்தக் கைகள் வெறுமனே கீழே இறங்கினால், பொழுது சாய்வதற்குள் மருது அதை ஊர் முழுக்கக் கொண்டுபோய்விடுவார். பிறகு மாமன் எந்த முகத்தோடு சந்தைக்குப் போவார்? ஹெல்மெட்டைக் கழற்றித் தலை குனிந்தான். சின்னச்சாமி உருமா கட்டினார். முருகம்மாள் நீட்டிய செம்பை வாங்கி அண்ணாந்து குடித்தான். இம்புட்டு வெயிலில் வாறியே அய்யா என்று அவள் அழுதாள்.

டீக்கடையில் முத்திரையோடு உட்கார்ந்திருந்தவள் ஐரின் என்ற இளம்பெண். அவள் கேட்கும் முன்பே நல்லகாமன் நடந்ததைச் சொன்னான். அருகிலிருந்த ஸ்டீபன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"துண்டு கட்டுனத விட்ருவோம் சார்" என்றாள் அவள். "மோர் குடிச்சீங்களா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

"முழுச் செம்பும் குடிச்சேன்மா."

அவள் அட்டையில் குறுக்கே ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் மகள் சொல்லித்தான் சின்னச்சாமிக்கு விஷயம் தெரிந்தது. மருமகன் தோற்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். தன் மரியாதையைக் குற்றமாக்கி ஒரு டீக்கடையில் வாக்குமூலம் கொடுத்துவிட்டான் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. ஒத்தக்கடை வீட்டுக்கு அவர் வருவது அன்றோடு நின்றது. பொங்கலுக்குத் தமிழ்ச்செல்வி தனியாகத்தான் பிறந்த வீட்டுக்குப் போய் வந்தாள். நல்லகாமன் இப்போது அலுவலகத்துக்குக் காரில் போகிறான். படியேறும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்கிறான்.

அவன் வெயிலில் மயங்கி விழுந்ததாகவும், செக்கானூரணியிலிருந்து ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்ததாகவும் உசிலம்பட்டியில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். அவன் மயங்கவில்லை, ஆட்டோவிலும் ஏறவில்லை. செக்கானூரணி, நாகமலை புதுக்கோட்டை வழியாக மதுரை வரை மிதித்துத்தான் வந்தான்.