பிரேக்கில் காற்று

பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும் வேலையில் சரியாகப் பாதி அவளுக்குத் தெரியும். பத்தொன்பது வருடங்களில் ஒன்பது முறை ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கணவர் "அமுக்கு" என்றால் பெடலை அமுக்கி, "பிடி" என்றால் பிடித்து, "விடு" என்றால் விட்டிருக்கிறாள். மற்றப் பாதி சக்கரத்துக்குப் பக்கத்தில் நடந்தது. அது தெரிந்தவர் போய் எட்டு மாதம் ஆகிறது. "பெடல் மெத்துன்னு இருக்கு, வர்ற ஞாயித்துக்கிழமை பாத்துடலாம்" என்று சொல்லியிருந்தார். அந்த ஞாயிறு மருத்துவமனையில் கழிந்தது. அடுத்த ஞாயிறுகளும் அங்கேயேதான்.

இப்போது பெடல் தரையைத் தொடுகிறது. மகன் வண்டியை விற்க ஆள் பார்த்துவிட்டான். வண்டி போனால் அவள் நூலகத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். முழங்கால் அதற்கு ஒத்துக்கொள்ளாது. வேலையை விட்டால் மகன் வீடுதான். அங்கே அவளுக்கென்று ஓர் அறை தயாராக இருந்தது. வாஷிங் மெஷினும் அதே அறையில்தான் இருந்தது. சத்தம் அவ்வளவாகக் கேட்காது என்று மகன் சொன்னான். நல்ல பிள்ளை.

"பிரேக் பிடிச்சா நீங்களே வச்சுக்கோங்கம்மா" என்று போனில் சிரித்தான். "சனிக்கிழமை நாலு மணிக்கு ஆள் வருவார்."

சனிக்கிழமை காலை கடை திறக்கும்போதே உதிரி பாகக் கடைக்காரர் முன்னால் போய் நின்றாள். கைப்பையிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கணவரின் தகரப் பெட்டியில் பளபளவென்று இருந்தது அதுதான்.

"இது வேண்டாம்" என்றார் கடைக்காரர். "வாய் தொறந்த ஸ்பேனர். காத்து விடற நிப்பிள் சின்னது, துரு வேற ஏறியிருக்கும். இதைப் போட்டுத் திருகினா மூலையெல்லாம் மழுங்கிடும். அப்புறம் அதைக் கழட்ட கடவுளே வந்தாலும் முடியாது. வட்டமா இருக்குமே, ரிங் ஸ்பேனர், பத்தாம் நம்பர். பெட்டியில இருக்கும் பாருங்க, ரொம்ப அழுக்கா."

"எப்படி அழுக்கா இருக்கும்னு சொல்றீங்க?"

"வேலை செய்யறது எப்பவும் அழுக்காத்தான் இருக்கும்."

சீல் உடைக்காத பிரேக் ஆயில் இரண்டு பாட்டில் எடுத்து வைத்தார். ஒன்று போதுமே என்றாள். போதாது என்றார். வீட்டில் பாதி பாட்டில் பழசு இருக்கிறது என்றாள். அது இத்தனை நாளில் ஈரத்தைக் குடித்திருக்கும், கீழே கொட்டக்கூட யோக்கியதை இல்லாதது என்றார். அவர் தன்னை ஏமாற்றுகிறார் என்று முடிவு செய்து இரண்டையும் வாங்கிக்கொண்டாள்.

"உறிஞ்சற பம்ப் ஒண்ணு இருக்காமே, ஒரே ஆளா செய்யறதுக்கு?"

"இருக்கு. செவ்வாய்க்கிழமை வரும். ஏன், பெடல் அமுக்க வீட்டுல ஆள் இல்லையா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அமுக்கறதுக்கு ஆள் இருக்கு" என்றாள்.

வேறு வழியில்லாமல் நாத்தனாருக்குப் போன் செய்தாள். கணவரின் தங்கை, ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவரும் அவளும் 'நர்ஸம்மா' என்றே கூப்பிடுவார்கள். சாவு வீட்டில் பீரோ சாவியை நாத்தனார் கேட்காமலே எடுத்ததிலிருந்து இரண்டு பேருக்கும் அவ்வளவாகப் பேச்சில்லை. வந்தவள் வாசலிலேயே கையுறை மாட்டிக்கொண்டாள்.

"நீ உள்ள உக்காரு நர்ஸம்மா. நான் சொல்றப்ப பெடலை அமுக்கினாப் போதும்."

"அவ்வளவுதானா? முப்பது வருஷம் நான் சொல்லித்தான் மத்தவங்க செஞ்சாங்க அண்ணி."

"அதான் இன்னிக்கு நீ செய்யற."

நிப்பிளில் மாட்ட மெல்லிய குழாய் ஒன்று வேண்டும். தகரப் பெட்டியில் இருந்தது கருவாடு போல விறைத்திருந்தது. நாத்தனார் வீட்டுக்குள் போய், அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து உறை பிரிக்காத ஆக்ஸிஜன் குழாய் ஒன்றைக் கொண்டு வந்தாள். வாங்கி வைத்து, தேவைப்படாமல் போனது. ஒரு துண்டு வெட்டி மாட்டியபோது கச்சிதமாகப் பொருந்தியது.

கணவர் செய்வது போலவே பானட்டைத் தூக்கி நிறுத்தி, பிரேக் ஆயில் டப்பாவில் கோடு வரை புது ஆயில் ஊற்றினாள்; முதல் பாட்டில் காலி. அவர் குரல் முதலில் எந்த மூலையிலிருந்து வரும் என்று அவளுக்குத் தெரியும்: பின்பக்கம் இடது. ஜாக்கி வைத்து, அடியில் ஸ்டாண்டு கொடுத்து, அழுக்கு ஸ்பேனரோடு குனிந்தாள்.

"அமுக்கு."

"அமுக்கியாச்சு."

"பிடி." நிப்பிளைத் திறந்தாள். கறுப்புத் தேநீர் போல ஆயில் குழாயில் வந்தது, குமிழ் குமிழாக. மூடினாள். "விடு."

"நாடி பாக்கணுமா?"

"வாயை மூடிக்கிட்டு அமுக்கு."

மூன்று சக்கரம் முடிந்து நாலாவதைத் தொடும்போது மணி இரண்டு. அமுக்கிய நாத்தனார், "அண்ணி, காலையில இருந்ததைவிட மோசமா இருக்கே" என்றாள். குழாயில் ஆயிலே வரவில்லை. வெறும் காற்று புஸ்ஸென்று வந்தது. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாஷிங் மெஷின் ஓடும் சத்தம் காதுக்குள் கேட்டது.

நாத்தனார் இறங்கி வந்து குழாயைத் தூக்கிப் பார்த்தாள். "சலைன் பாட்டில் காலியானா இப்படித்தான் ட்யூப்ல காத்து ஏறும். இதுக்குப் பாட்டில் எங்க இருக்கு?"

பானட்டுக்குள் இருவரும் எட்டிப் பார்த்தார்கள். டப்பா துடைத்து வைத்தது போல இருந்தது.

"காலையில கோடு வரைக்கும் ஊத்தினேனே."

"ஒரு பாட்டிலை மாட்டிட்டு ஊருக்குப் போயிடுவாங்களா? அப்பப்ப ஊத்தணும். அண்ணன் ஊத்துமே, நீங்க பாத்ததில்லையா?"

"அவர் ஊத்தி நான் பாத்ததே..." அவள் நிறுத்தினாள். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் தூக்கி நிறுத்திய பானட்டின் முதுகுதான் தெரியும். ஒவ்வொரு சக்கரம் முடிந்ததும் அவர் அதன் பின்னால் போய் ஒரு நிமிடம் நிற்பார். "திருட்டுத்தனமா சிகரெட் பிடிக்கறார்னு நெனச்சேன். ஒன்பது தடவையும் திட்டியிருக்கேன்."

"அண்ணன் என்ன சொல்லும்?"

"ஒண்ணும் சொல்ல மாட்டார். சிரிப்பார்."

நாத்தனார் கையுறையைக் கழற்றி, புதிதாக ஒன்றை மாட்டிக்கொண்டாள். அதற்கு வெகு நேரம் பிடித்தது. "ஒரு நிமிஷத்துல ரெண்டும் பண்ணலாம் அண்ணி" என்றாள். "நீங்க திட்டினதுல பாதியாவது சரியா இருக்கும்."

இரண்டாவது பாட்டிலின் சீலை உடைத்தார்கள். மறுபடி பின்பக்கம் இடதிலிருந்து. நாலைந்து அமுக்கலுக்கு ஒருமுறை நாத்தனார் இறங்கி வந்து டப்பாவைப் பார்த்து ஊற்றினாள். ஒவ்வொரு சக்கரமும் முடிந்த நேரத்தைச் சத்தமாகச் சொன்னாள், ஆபரேஷன் தியேட்டரில் சொல்வது போல. கடைசிச் சக்கரத்தில் ஆயில் தேன் நிறத்தில், ஒரு குமிழ்கூட இல்லாமல் வந்தபோது பாட்டிலில் இரண்டு விரல் உயரம் மிச்சமிருந்தது.

"இப்ப அமுக்கு."

"அமுக்க முடியல" என்றாள் நாத்தனார். "கல்லு மாதிரி இருக்கு."

வண்டியைக் கீழே இறக்கும்போது வாங்க வந்தவர் கேட்டருகே நின்றிருந்தார். கேட்காமலே உள்ளே ஏறி உட்கார்ந்து பெடலை அமுக்கினார். மறுபடி அமுக்கினார்.

"பிரேக் இல்லாத வண்டின்னு உங்க பையன் சொன்னாரே."

"காலையில இல்லை."

"எந்த மெக்கானிக் பண்ணினது?"

"நாங்கதான்" என்றாள் நாத்தனார்.

அவர் இருவரின் கைகளையும் பார்த்தார். "நல்லதாப் போச்சு. ஓட்டிக்கிட்டே போயிடறேன்."

"பிரேக் பிடிச்சா நான் வச்சுக்கலாம்னு பேச்சு" என்றாள் அவள். "உங்ககிட்ட சொல்லலையா? வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிக்கறீங்களா?"

அவர் தண்ணீர் குடித்தார். இன்னொரு செம்பும் கேட்டுக் குடித்துவிட்டுப் போனார்.

முதலில் வளாகத்துக்குள்ளேயே நாலு முறை நகர்த்தி நிறுத்திப் பார்த்தாள். பிறகு தெருவில். நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து, பெல்ட்டை இரண்டு முறை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டாள். பெரிய சாலையில் சிக்னல் சிவப்பாக இருந்தது. அவள் காலை வைத்தாள். வண்டி நின்றது. அவ்வளவுதான், அதில் சொல்ல ஒன்றுமில்லை.

போன் அடித்தது. நாத்தனார் எடுத்தாள்.

"அம்மா, ஆள் வந்தாரா?"

"வந்தார். தண்ணி குடிச்சிட்டுப் போயிட்டார்."

"அத்தையா? நீங்க எங்க அங்க? வண்டி என்னாச்சு?"

நாத்தனார் முன்கண்ணாடி வழியாகச் சாலையை அளந்தாள். "கோட்டுக்கு ரெண்டடி முன்னாடி நிக்குது. இருடா, பச்சை விழுந்துடுச்சு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.