கைலாஷ் வேறு ஆள்

கணவரின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி நெகிழ்ந்துவிட்டது. பத்மஜா அதை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. முடிச்சை இறுக்கிவிட்டுத்தான் எழுந்து போனாள்.

இந்த மலையாள ஊரில் யாராவது போய்ச்சேர்ந்தால் காரியம் பண்ணிவைக்கிற வாத்தியார் வருவதற்குள் ஃபிளெக்ஸ் பேனர் வந்துவிடும். மைத்துனர் நாகேஸ்வரன் அதைக் கேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு கம்புகளுக்கு நடுவே கட்டி முடித்திருந்தார். மேலே மலையாளத்தில் ஆதராஞ்சலி என்று அஞ்சலி. நடுவில் கணவர் ஆனந்தகிருஷ்ணனின் படம், பெயர், வயது. அடியில் தமிழில் ஒரு வரி: ‘பத்மஜாவின் நாயகன் கைலாஷ் மறைந்தார்.’

“எப்படி இருக்கு மன்னி? அண்ணாதானே உங்க கைலாஷ். எல்லாரும் அப்படித்தானே பறயறா.”

பத்மஜா செல்போன் செயலியில் காதல் தொடர் எழுதுகிறவள். கைலாஷ் அவளுடைய நாயகன். அவனை அவள் லேசில் உண்டாக்கிவிடவில்லை. முதலில் ஆறடி உயரம், வெள்ளைக் கார், கோபம் வந்தால் சுவரில் குத்துகிற ஜாதியாக இருந்தான். படித்துப் பார்த்தபோது, இவனோடு உட்கார்ந்து ஒரு டம்ளர் காப்பி குடிக்க முடியாது என்று அவளுக்கே தெரிந்தது. காரைப் பிடுங்கினாள், உயரத்தைக் குறைத்தாள். ஒருநாள் வித்துரா போகிற பஸ்ஸில் இடது காது கேட்காத கண்டக்டர் ஒருவரைப் பார்த்தாள். ஒரு பெண் ஏதோ கேட்க, அவர் கூட்டத்தில் சுற்றிவந்து, வலது காதைக் கொடுத்து, அவள் சொல்லி முடிக்கும்வரை குனிந்து நின்றார். அன்றே கைலாஷுக்கு இடது காது போயிற்று. பிடிவாதக்காரன், சிடுமூஞ்சி. ஆனால் பேசுகிறவள் எந்தப் பக்கம் இருந்தாலும் சுற்றி வருவான். வாசகிகள் மயங்கியது அதற்குத்தான்.

ஆனந்தகிருஷ்ணனுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். கெட்டவர் இல்லை. ஜுரம் என்றால் மருந்து வாங்கி வருவார், வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூட்டிப்போவார். அவள் பேச ஆரம்பித்தால் மட்டும் பேப்பரைப் பிரித்துக்கொள்வார். மட்டமான காதல் கதைக்கு மலையாளத்தில் பைங்கிளி என்று பெயர். நண்பர்கள் எதிரில் அவள் எழுத்தை அப்படிச் சொல்லிச் சிரிப்பார். ஒரு வரி படித்ததில்லை.

“இதை எடுங்கோ” என்றாள் பத்மஜா.

“என்ன மன்னி இது, வருத்தத்துல என்னமோ பேசறேள். உங்க ரீடர்ஸ் குரூப்புக்கும் போட்டோ அனுப்பியாச்சு. அங்க ஒரே அழுகை.”

மகள் ஸ்ரீலட்சுமி உள்ளேயிருந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். “அம்மா, இப்போ வேண்டாம்மா. ஒரு வரிதானே. அப்பாக்கு ஒரு பெருமை, இருந்துட்டுப் போகட்டுமே.”

ஒரு வரிதான். அது நின்றால் கைலாஷ் செத்தவனாகிவிடுவான். அதைவிட மோசம், வீட்டிலிருந்தவரைப் பார்த்து எழுதினாள் என்றாகிவிடும். இல்லாத ஒருவனைத் தேடித்தேடி உண்டாக்கியது யாருக்கும் தெரியாமல் போகும். பத்மஜாவுக்குக் கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

“நாகேஸ்வரன், கைலாஷுக்கு எந்தக் காது கேட்காது?”

“காதா?”

“ஸ்ரீ, நீ சொல்லு.”

ஸ்ரீலட்சுமி பிடித்திருந்த கையை விட்டாள்.

“ஒருத்தரும் படிக்கலே, அல்லே? உங்க அண்ணாக்கு ரெண்டு காதும் நன்னாக் கேட்டுது. கைலாஷ் வேற ஆள். அவனை நான் உண்டாக்கினேன். இந்த ஆத்துல யாரைப் பார்த்தும் இல்லே. நான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினது இவரோட. இவர் இவராவே போகட்டும்.”

“சவத்தைப் போட்டுண்டு பேசற பேச்சா இது” என்று கூடத்திலிருந்து பக்கத்து வீட்டு மங்கலம் சொன்னது தெளிவாகக் கேட்டது.

“ஆமாம் மாமி, இப்போதான் பேசணும்” என்று பத்மஜா குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள். சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்துவந்து, கேட் பக்கத்தில் குந்தி, அடி வரியை ஓரத்திலிருந்து ஓரம்வரை வெட்டினாள். நாகேஸ்வரன் தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை. வெட்டிய துண்டோடு, கயிறு கோத்திருந்த கீழ் வளையங்களும் போயின.

வாத்தியார் வந்து காரியங்கள் நடந்தன. வாய்க்கரிசி போட்டார்கள். மகன் மஹேஷ் தீச்சட்டியோடு முன்னால் இறங்கினான். கரமனை ஆற்றுப் பக்கமிருந்து காற்று அடித்தது. கட்டில்லாத ஃபிளெக்ஸ் கீழேயிருந்து சுருண்டு ஏறி ஆனந்தகிருஷ்ணனின் முகத்தை மூடியது.

பெண்கள் வாசற்படியோடு நின்றார்கள். பத்மஜா மட்டும் படியிறங்கிப் போய், ஃபிளெக்ஸின் அடி விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக் கீழே இழுத்தாள். பாடை அவளைக் கடந்து, தெருமுனையில் திரும்பும்வரை அவள் அதை விடவில்லை.