கூடப் போனவள்

விடியற்கால ஷிப்டுக்கு சேதராப்பட்டுக் கம்பெனியின் கேட்டைத் தாண்டியதுமே உருகிய பிளாஸ்டிக் நாற்றம் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அச்சு மிஷின் வாய் திறந்து பெயிண்ட் வாளியைத் துப்பும். சூடு ஆறுவதற்குள் எடுத்து விளிம்புப் பிசிரைப் பிளேடால் சீவ வேண்டும். சுலோசனாவின் கை தன்பாட்டுக்குச் சீவிக்கொண்டிருந்தது. மனசு மட்டும் நேற்றுப் போன பேங்கிலேயே நின்றது.

"வீட்டு லோன் தர முடியாதும்மா. ஆஸ்பத்திரிக் கடன் ஒண்ணு உங்க பேர்ல கட்டாம நிக்குது. சிபில் ஸ்கோரு பாதாளத்துல கெடக்கு."

"எனக்கு ஒரு காய்ச்சல்கூட வந்ததில்லையே சார்!"

பிறகுதான் உறைத்தது. அன்னக்கிளி!

கம்பெனியில் ஒரு வழக்கம். யாருக்கு அடிபட்டாலும் பக்கத்து மிஷின்காரர் கூட வண்டியில் ஏறுவார். ஆஸ்பத்திரியில் கையெழுத்தும் அவரே போடுவார். இ.எஸ்.ஐ. கார்டா? வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அது வந்துகொண்டேதான் இருக்கிறது, பாவம், வழி தெரியவில்லை போலும்! அச்சு கடித்து அன்னக்கிளிக்கு இரண்டு விரல் போன அன்று கூடப் போனவள் சுலோசனா. முன்பணமில்லாமல் சேர்க்கமாட்டோம் என்றார்கள். அங்கேயே நின்ற தவணைக் கடன்காரன் ஒருவன் கடன் பாரத்தையும் போனையும் நீட்டினான். மானேஜர் புருஷோத்தமன் மறுமுனையில், "போட்டுடும்மா, மாசாமாசம் கம்பெனி கட்டிடும்" என்றார். போட்டாள். அப்புறம் தெரியாத நம்பரிலிருந்து வந்த அழைப்பையெல்லாம் விளம்பரம் என்று வெட்டிவிட்டாள்.

பிரான்சிலிருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் ரஃபாயேல், அவள் குடியிருக்கும் வீட்டை விற்கப்போகிறார். அவளிடம்தான் முதலில் கேட்டார். மாசக் கடைசிக்குள் லோன் வராவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்; அவள் சட்டிபானையைத் தூக்கவேண்டியதுதான்.

டீ நேரத்தில் மானேஜரை மறித்தாள்.

"கம்பெனி கட்டும்னு சொன்னீங்களே சார்?"

"ரெண்டு மாசம் கட்டினோமில்ல? இப்ப ஆர்டர் இல்லம்மா. கையெழுத்து நீதான போட்ட? வேணும்னா அன்னக்கிளிகிட்ட வாங்கிக்கோ."

மூடி அடுக்கிக்கொண்டிருந்த அன்னக்கிளி நிமிர்ந்தாள். "யக்கா, என்னாலயா ஒன் வூடு போச்சு?"

இவளோடு ஏன்தான் போய்த் தொலைத்தோமோ என்று சுலோசனாவுக்கு ஒரு கணம் தோன்றியது. பாவி மனசு! வெட்கமாகிப் போனது.

"உன்னால இல்லடி. நான் போவாம இருந்திருந்தா நீ செத்திருப்ப."

"எம் பேர்லயும் ஒண்ணு கீதுக்கா" என்றார் மிக்ஸிங் பிரிவு இராமதாஸ். "போன வருசம் வெந்துபோன பையனோட நான்தான் போனேன். பைக் லோன் கேட்டப்ப பேங்க்ல இதையேதான் சொன்னான். வெக்கத்துல யார்கிட்டயும் சொல்லல."

எனக்கும், எனக்கும் என்று நாலைந்து குரல். கூடப் போனவர்கள் அத்தனை பேரும் மாட்டியிருந்தார்கள்.

அன்று மத்தியானமே, பிசிர் சீவிக்கொண்டிருந்த செல்வாம்பாளுக்குப் பிளேடு உள்ளங்கையைப் பிளந்தது. சுலோசனா முந்தானையைக் கிழித்துக் கட்டினாள், தாங்கிப்பிடித்து வண்டியில் உட்காரவைத்தாள். "யாராவது கூட ஏறுங்கப்பா, சீக்கிரம்!" என்று புருஷோத்தமன் கத்தினார்.

சுலோசனா இறங்கி நின்றாள்.

"நீங்க ஏறுங்க சார்."

"நானா? அங்க கையெழுத்து…"

"அதுக்குத்தான் சார்."

இராமதாஸ் மிஷினை அணைத்தார். அடுத்தடுத்து எல்லாம் அடங்கின. அந்தக் கொட்டகை அப்படி ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. செல்வாம்பாளின் முனகல் எல்லார் காதிலும் விழுந்தது. மானேஜர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஏறினார்.

"திரும்பி வந்து உங்க எல்லாருக்கும் சீட்டைக் கிழிக்கிறேன்" என்றார், ஜன்னல் வழியாக.

கிழிப்பார். லோனும் வராது, வீடும் போனது போனதுதான், சுலோசனாவுக்குத் தெரியும். அன்னக்கிளியின் மூன்று விரல்கள் அவள் கையைப் பற்றிக்கொண்டன. பின்னால் எல்லாரும் வந்து நின்றார்கள்.

"போயிட்டு வாங்க சார்" என்றாள் சுலோசனா. "நாங்க எங்கயும் போவல. இங்கதான் இருப்போம்."