கம்பி எண்ணுகிறவள்

1
நோர்வூட் பஸ்ஸில் கேட்ட ஒரு வாக்கியத்தைத் திருடித்தான் இந்தக் கதையைத் தொடங்குகிறேன். கொழுந்து பறிக்கும் அழகம்மா பக்கத்து சீட்டுக்காரியிடம் பெருமையாகச் சொன்னார்: "எம்மக சுலக்ஷனா கண்டியில கம்பி எண்ணுறா."

முன்சீட்டுக்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். சுலக்ஷனாவைப் பெண் பார்க்க வரவிருந்த ஜீவராஜின் பெரியப்பா அவர். (தற்செயல் கொஞ்சம் அதிகம். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

அழகம்மாவுக்கு அந்தச் சொல்லின் சிறை அர்த்தம் தெரியாதா? தெரியும். மகள் வாயிலிருந்து வந்ததால் அவருக்கு அது உறைக்கவில்லை.

2
"மூடுபனி மெல்ல இறங்கி..."

வேண்டாம். மலையகக் கதை என்றாலே பனியை இறக்கிவிடுவது எனக்கு ஒரு வியாதி.

சுலக்ஷனா உண்மையிலேயே கம்பிதான் எண்ணுகிறாள். தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய துத்தநாக ஒக்சைட்டுக் கம்பிகள். அவள் ஆராய்ச்சி செய்யும் கெம்பஸ் ஆய்வுகூடத்து நுணுக்குக்காட்டியில் அவை காடாக நிற்கும். கனவிலும் எண்ணுவாளாம். எழுதும்போது நானும் எண்ணத் தொடங்கி, நூற்றுப் பதினாறில் எங்கோ மிதந்துபோய்...

எங்கே விட்டேன்? வெறுங்கம்பியில் புற ஊதா ஒளி பட்டால் பச்சையாக மினுங்கும். காற்று பட்டாலே அதன் மின்னோட்டம் தடுமாறும். மெல்லிய பூச்சு ஏற்றினால் மின்னோட்டம் சீராகும், பச்சை மங்கி ஊதா கூடும். பச்சை வருவது மேற்பரப்புக் குறைகளால் என்கிறார்கள்.

போனில் படத்தைப் பார்த்த அழகம்மா கேட்டார்: "பச்சை அழகாத்தானே இருக்கு. அத ஏன் புள்ள மூடுற?"

(பெண்ணையும் கம்பியையும் ஒப்பிட்டு இங்கே ஒரு பத்தி இருந்தது. வெட்கமாகிவிட்டது, அழித்துவிட்டேன்.)

3
பெண் பார்க்க வருவதாகச் சொன்ன ஞாயிறு, சுலக்ஷனா கண்டியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாள்; யாரும் வரவில்லை. "ஜெயில்ல இருந்த புள்ளையாமே" என்று தலவாக்கலை மாப்பிள்ளை வீட்டிலிருந்து செய்தி மட்டும் வந்தது.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் சுலக்ஷனாவும் ஜீவராஜும் இரண்டு வருடமாகப் பழகுகிறவர்கள், வீடுகளுக்குத் தெரியாமல். அவள் எண்ணுவது எந்தக் கம்பி என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அதனால் எனக்குக் கோபம் வருகிறது.

4
ஜீவராஜ் அவளுக்குப் போன் எடுத்தான்.

"வீட்ல ஜெயில்னே நம்பிட்டாங்க. நீ அங்க படிக்கிறன்னு கெம்பஸ்ல ஒரு லெட்டர் வாங்கித் தாயேன்."

"நான் என்ன படிக்கிறேன்னு நீங்க சொல்லலியா?"

"எப்படிச் சொல்றது? நம்ம பழக்கம் தெரிஞ்சிடுமே."

முடிவு அ: கடிதம் கொடுக்கிறாள், கல்யாணம் நடக்கிறது. எழுதிப் பார்த்தேன், தாலி கட்டும்போது அவள் அவனைப் பார்க்கவே மறுத்துவிட்டாள்.

முடிவு ஆ: போனை வைக்கிறாள். அதையும் எழுதினேன். இரண்டு வருடப் பிரியத்தை ஒரே வரியில் வெட்ட எனக்கு மனம் வரவில்லை.

போன் இன்னும் அவள் காதில்தான் இருக்கிறது. மறுமுனையில் அவன் காத்திருக்கிறான். இன்னும் நம்பிக்கை விடாத அழகம்மா அடுப்படியிலிருந்து ஆசையாகக் கேட்கிறார்:

"யாரு புள்ள, மாப்பிள்ளையா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்களே சொல்லுங்கள், அவனுக்கும் கேட்கும்படியாக.