நாற்பத்தொரு வரி

லாவெல் ஹப்பர்டின் துக்கம் அவன் நெஞ்சை விட்டு இறங்கி, பதினெட்டு மைல் தள்ளி மேப்பிள் ரிட்ஜில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பையன் வீட்டுக்குக் குடிபோனது 1997 மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மெம்ஃபிஸில் பெட்ரோல் காலன் ஒரு டாலர் பதினாறு சென்ட் விற்ற வாரம் அது. அன்று காலை லாவெல் நாலு முட்டையும் ஒரு தட்டு சோளக் கஞ்சியும் சாப்பிட்டு, கோழிக்கறி மிச்சம் இருக்கிறதா என்று அம்மாவைக் கேட்டு, வேலைக்குப் போகும் வழியில் விசிலும் அடித்தான். பார்க் அவென்யூ திருப்பத்தில்தான் அவனுக்கு உறைத்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் செத்துப்போன தம்பியின் முகத்தை வலிய இழுத்து வந்து கண்முன் நிறுத்தினான். ஒன்றும் வலிக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் குடும்பத்தில் எப்போதோ நடந்த சாவு போல இருந்தது. இரண்டரை வருஷமாக அவனை ஒரு ராத்திரி முழுசாகத் தூங்க விடாத துக்கம், சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது.

தம்பி பெயர் டவாரிஸ். பத்தொன்பது வயது. 1994 ஆகஸ்டில் வீட்டு வாசல்படியில், லாவெல் மடியில் தலை வைத்தபடி, மூச்சிழுப்பு வந்து செத்தான். மருந்துக்குழல் காலி. ஆம்புலன்ஸ் வர நாற்பத்தொரு நிமிஷம் ஆனது. கறுப்பர்கள் குடியிருக்கும் எங்கள் ஆரஞ்சு மவுண்டுக்கு அது அப்படித்தான் வரும். பீட்ஸாக்காரன் இந்தப் பக்கம் எட்டியே பார்க்க மாட்டான், ஆம்புலன்ஸ் பார்க்கும், ஆனால் ஆற அமரப் பார்க்கும் என்று நாங்களே கேலி பேசிக்கொள்வோம். லாவெல் கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டும் கடையில் வேலை பார்த்தவன். ராப் பாடுவான். தம்பியைப் புதைத்துவிட்டு வந்த வாரம், நிமிஷத்துக்கு ஒரு வரி என்று நாற்பத்தொரு வரி கட்டினான். அதில் சாமியும் இல்லை, சொர்க்கமும் இல்லை. கொசு எத்தனை கடித்தது, பக்கத்து வீட்டு டிவியில் என்ன ஓடியது, டவாரிஸின் உதடு எந்த நிமிஷத்தில் நிறம் மாறியது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்த பிறகு, கார் கழுவும் இடத்துக்குப் பின்னால் இங்கே ஒரு வட்டம் கூடும். ஆளுக்கு ஆள் வட்டமாக நின்று, முறை வைத்துப் பாடுவார்கள். அந்த வட்டத்துக்கு இரண்டு சட்டம் உண்டு. வெளியாள் நுழைய வேண்டுமென்றால் உள்ளாள் ஒருவன் அவன் முதுகில் கை வைத்து நிற்க வேண்டும். கை வைத்துவிட்டால் அப்புறம் அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. இரண்டாவது, பாடுகிறவன் தொண்டை அடைத்து நின்றுபோனால், மிச்சத்தை யார் முடித்துக் கொடுக்கிறானோ அவனுக்கும் அந்தப் பாட்டு சொந்தம். போகிற இடமெல்லாம் அவன் அதைப் பாடலாம். மூச்சுக் கொடுப்பது என்று அதற்குப் பெயர். அழுகிறவனை அம்போவென்று விடக் கூடாது என்பதற்காக யாரோ நல்ல மனசுக்காரன் செய்து வைத்த ஏற்பாடு. மவுண்டுக்குள்ளே கொடுத்து மவுண்டுக்குள்ளேயே வாங்கிக்கொண்டவர்களுக்கு, வெளியே ஊர் என்று ஒன்று இருக்கிறதே என்ற யோசனை வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

லாவெல் ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பாட்டைத் தொடங்குவான். முப்பத்தெட்டாவது வரியில் தொண்டை அடைக்கும். அந்த நிமிஷத்தில்தான் டவாரிஸ் அவன் சட்டைக் காலரைப் பிடித்தான். வட்டத்தில் யாருக்கும் அதை முடித்துக் கொடுக்கத் துணிச்சல் இல்லை. அவன் உட்கார்ந்துவிடுவான், அடுத்தவன் வேறு பாட்டுக்குப் போவான். இப்படியே இரண்டு வருஷம்.

கோல்பி ரென்ஷா ஸ்பீக்கர் மாட்ட வந்தவன். மேப்பிள் ரிட்ஜ் பல் டாக்டர் மகன், இருபத்தொரு வயசு. வந்தவன் போகவில்லை. லாவெல்லோடு தரையில் உட்கார்ந்து ஒயர் சுற்றினான், லாவெல்லைப் பெற்ற எர்லீன் அம்மா சமைத்த கழுத்தெலும்புக் குழம்பை விரல் நக்கிச் சாப்பிட்டான், பாட்டைப் பற்றி வாயைத் திறக்காமல் எட்டு மாசம் காதை மட்டும் கொடுத்தான். கடைசியில் லாவெல் அவனை வட்டத்துக்குக் கூட்டிப் போய் முதுகில் கை வைத்து நின்றான். பையன் பாடினான். நன்றாகப் பாடினான், அதுதான் வம்பு. உளறியிருந்தால் சிரித்து அனுப்பியிருப்போம். அன்று லாவெல் முறை வந்தது, முப்பத்தெட்டில் அடைத்தது. கோல்பி கண் கலங்க மிச்ச மூன்று வரியை முடித்தான். கடையில் லாவெல் முனகக் கேட்டும், அவன் நோட்டில் எழுதி வைத்திருந்ததைப் படித்தும் எட்டு மாசத்தில் அவனுக்கு மனப்பாடம். லாவெல் அவனைக் கட்டிக்கொண்டு, 'இனிமே இது உனக்கும்தான்டா' என்றான். முப்பது பேர் சாட்சி.

கோல்பி அதைப் பதிவு செய்தான், அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ரேடியோவில் முதல் தடவையாக ஓடியது. துக்கம் கிளம்பிப்போனது அந்த மூன்றரை நிமிஷத்தில்தான் என்று லாவெல் பிற்பாடு கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டான்.

அதன் பிறகு பாட்டு ஓட ஓட, மிச்சமும் போனது. முதலில் முன்பின் தெரியாதவர்கள் கோல்பிக்குத் தம்பி செத்துவிட்டதாக நம்பினார்கள். அதை விடுங்கள், பாட்டுக் கேட்கிறவன் அப்படித்தான் நம்புவான். கோடை முடிவதற்குள் எங்கள் தெருக்காரர்களும் நம்பினார்கள். டவாரிஸுக்கு ஞாயிறு பள்ளியில் பாடம் சொன்ன தேவாலயப் பெண்கள், எலுமிச்சைக் கேக் சுட்டு, தொப்பி போட்டுக்கொண்டு, மேப்பிள் ரிட்ஜுக்குத் துக்கம் விசாரிக்கப் போனார்கள். திரும்பி வந்து, பாவம் அந்தப் பிள்ளை இளைத்துவிட்டான் என்று லாவெல்லிடமே சொன்னார்கள். மேப்பிள் ரிட்ஜ்காரர்கள் மனமிளகி, இறந்துபோன அந்தத் தம்பியின் பெயரில் பணம் திரட்டி, தங்கள் ஊருக்குப் புத்தம் புதிதாக இரண்டு ஆம்புலன்ஸ் வாங்கினார்கள். அங்கே கூப்பிட்ட ஐந்தாவது நிமிஷத்தில் வந்துவிடுகிறது. இங்கே வழக்கம்போல.

பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்லை. வெள்ளைக்காரன் ராப் பாடலாமா என்று ரேடியோவில் கேட்டார்கள், பத்திரிகையில் கேட்டார்கள், ஒரு கல்லூரியில் மேடை போட்டு, தண்ணீர் பாட்டில் வைத்து, மைக்கில் கேட்டார்கள். இசைக்கு நிறம் கிடையாது என்றார் ஒருவர். நிறம் கிடையாது, ஆனால் எங்கள் பையன் பாடினால் வன்முறை, அவன் பாடினால் கவிதையா என்றார் இன்னொருவர். கோல்பியிடம் குறை சொல்ல இடமில்லாமல் இருந்தது. பேட்டிக்குப் பேட்டி ஆரஞ்சு மவுண்டுக்கு நன்றி சொன்னான், லாவெல்தான் குரு என்றான். திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால் வயிறெரியத் திட்டவாவது செய்திருக்கலாம். லாவெல்லையும் அந்த மேடைக்குக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்றான். செத்தது என் தம்பி என்று சொன்னான். சொன்ன குரலில் ஈரமே இல்லாததால் ஒருவரும் நம்பவில்லை. கோல்பியின் பழைய கூட்டாளி, பொறாமையில் பேசுகிறான் என்று பின்வரிசையில் முணுமுணுத்தார்கள்.

பெர்சியின் முடிவெட்டும் கடையில்தான் இதைச் சரியாகப் பேசினார்கள். அப்போது இன்னும் நாலைந்து பேருக்கு உண்மை ஞாபகம் இருந்தது. கத்தரியை நிறுத்தாமல் பெர்சி சொன்னார்:

"பையன் திருடலைப்பா. நாமதான் தூக்கிக் கொடுத்தோம். நானும் அங்கதானே பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேன்."

பின்கட்டில் பெண்களுக்குச் சடை பின்னுகிற ரொவீனா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கொடுத்தது பாட்டைத்தான். எழவையுமா சேர்த்துக் கொடுத்தோம்?"

அடுத்த மாசம் பெர்சிக்கே மறந்துவிட்டது. ரொவீனா கிறிஸ்துமஸ் வரைக்கும் தாங்கினாள்.

லாவெல்லைப் பிடித்து ஆட்டியது வேறு பயம். ஊர் மறந்தால் மறக்கட்டும். எர்லீன் அம்மா இரவுச் சாப்பாட்டின்போது டவாரிஸ் நாற்காலியில் மூன்று வருஷமாக யாரையும் உட்கார விடாதவள். புதுவருஷத்தன்று சலவைத் துணிக் கூடையைத் தூக்கி அதில் வைத்தாள். பிப்ரவரியில், டிவி மேலிருந்த டவாரிஸ் படத்தைத் துடைத்து, பழுப்புக் காகிதத்தில் சுற்றி, 'அந்தக் கோல்பிப் பையன் தம்பி படம் இங்கே எப்படி வந்ததுன்னே தெரியலை, கொண்டுபோய்க் கொடுத்துடு' என்றாள். பெற்றவள் வாயால் அதைக் கேட்டவன் என்ன ஆவான்? அழ வேண்டும் என்று லாவெல்லுக்குத் தெரிந்தது. எப்படி அழுவது என்றுதான் தெரியவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு, தலைதெறிக்க மேப்பிள் ரிட்ஜுக்கு வண்டியை விட்டான். அம்மாவிடம் மிஞ்சியிருக்கிற கொஞ்சநஞ்சமும் போவதற்குள் துக்கத்தைத் திருப்பி வாங்கிவிட வேண்டும்.

கதவைத் திறந்தது கோல்பியா என்று சந்தேகம் வந்தது. கன்னம் ஒட்டி, காலர் கிழிந்து நின்றான். எந்தச் சட்டை போட்டாலும் காலையில் காலர் கிழிந்திருக்கிறதாம். படத்தைப் பார்த்ததும் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டான்.

"கண்ணை மூடினா மடி கனக்குது லாவெல். அவன் தலை. எனக்குத் தம்பியே பிறக்கலைடா, அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் தாங்கலை."

"அப்ப திருப்பிக் கொடு."

"எடுத்துக்கோ. உன் காலில் விழறேன், எடுத்துக்கோ."

இருவரும் வண்டி நிறுத்தும் கொட்டகையில் எதிரெதிரே நின்றார்கள். சட்டம் எப்படிக் கொடுத்ததோ அப்படியே வாங்க வேண்டும் என்று லாவெல் முடிவு செய்திருந்தான். கோல்பி பாட வேண்டும், தொண்டை அடைக்க வேண்டும், லாவெல் முடித்துக் கொடுக்க வேண்டும். கோல்பி தொடங்கினான். கொசு, டிவி, உதட்டின் நிறம். முப்பத்தெட்டாவது வரியில் அவன் கை தானாகக் காலருக்குப் போனது, குரல் அடைத்துப்போய்ச் சுவரில் சாய்ந்தான். லாவெல் மிச்ச மூன்று வரியையும் சொன்னான். ஒரு எழுத்துப் பிசகவில்லை. இத்தனை வருஷத்தில் அவன் அந்தக் கடைசி வரிகளை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். பஸ் புறப்படும் நேரத்தைப் படிக்கிற மாதிரி தெளிவாக, தங்குதடையில்லாமல் சொன்னான். சொல்லி முடித்துக் காத்திருந்தான். கோல்பி இன்னும் பலமாக அழுதான். லாவெல்லின் நெஞ்சில் ஒன்றும் வந்து இறங்கவில்லை. மூச்சுக் கொடுக்கிறவனுக்கும் கொஞ்சமாவது அடைக்க வேண்டும் போலிருக்கிறது. அடைப்பதற்கு அவனிடம் எதுவும் மிச்சம் இல்லை.

திரும்பத் திரும்பச் சொன்னான். பதினோரு தடவை. கடைசித் தடவை, வராத அழுகையை வரவழைக்கக் கதவிடுக்கில் விரலை வைத்துக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டான். நகம் பிய்ந்து, விரல் வலித்தது. விரல் மட்டும்தான் வலித்தது. கோல்பிதான் ஓடிவந்து துணி சுற்றிவிட்டு, படத்தை வாங்கி உள்ளே கொண்டுபோய் மாட்டினான். படம் அங்கேதான் இருக்கிறது. வேறு எங்கே இருக்க முடியும்?

வருஷங்கள் ஓடின. வட்டம் கலைந்து, கார் கழுவும் இடத்தில் செல்போன் கடை வந்தது. கோல்பி பாடுவதை நிறுத்திவிட்டான், பாட்டு நிற்கவில்லை. ஒவ்வொரு ஆகஸ்டிலும் டவாரிஸ் செத்த நாளன்று எர்லீன் அம்மா கழுத்தெலும்புக் குழம்பு வைத்து, மூடி போட்ட பெரிய பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, லாவெல் வண்டியில் மேப்பிள் ரிட்ஜுக்குப் போவாள். கோல்பி அவள் தோளில் சாய்ந்து அழுவான், அவள் அவன் தலையைத் தடவிக்கொண்டிருப்பாள். லாவெல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான்.

போன ஆகஸ்டில், கோல்பி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது, அவள் கொஞ்ச நேரம் இறங்காமல் இருந்தாள். எழுபத்தொன்பது வயது. மூச்சு வாங்கியது என்று லாவெல் நினைத்தான். அவள் அவன் கன்னத்தைத் தொட்டாள்.

"கர்த்தர் எனக்கு உன்னை ஒருத்தனைத்தான் கொடுத்தார், அதுவும் நல்லதுக்குத்தான்டா. ரெண்டு கொடுத்து ஒண்ணை எடுத்திருந்தா நான் உசிரோட இருந்திருக்க மாட்டேன்."

"ஆமாம்மா," என்றான் லாவெல். பாத்திரம் இன்னும் சூடாக இருந்தது. துணி வைத்துப் பிடித்து, குழம்பு சிந்தாமல் படியேறினான்.