நீலப் பெட்டி இறங்கும் நாள்

நாற்காலியில் ஏறி நின்று, அலுமாரிக்கு மேலிருந்த நீலப் பெட்டியை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தார் சவிரிமுத்து.

"அத்தான், கூறை கட்டிலுக்குக் கீழை கிடக்கிற மண்ணிறப் பெட்டியிலை எல்லோ? அங்கை ஏன் ஏறுறியள்?" கீழே நின்று கேட்டாள் மார்கிரட். செத்துப்போன பியட்றிஸின் தங்கை அவள். அக்காவுக்குக் கல்யாணக் கூறையை உடுத்திவிடுவதற்காக நகருக்கு வெளியே எபினேயிலிருந்து விடியவே வந்திருந்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றார் அவர். பெட்டி அசைய மறுத்தது. நைலோன் கயிற்றைச் சுற்றி அதை இறுக்கிக் கட்டியவரும் அவரேதான் என்பதால் திட்டுவதற்கும் ஆளில்லை.

ஐந்தாம் மாடியில் ஓர் அறையும் சமைக்க ஒரு குசினியும்தான் வீடு. இரண்டு பெட்டிகளையும் ஒரே நேரத்தில் விரித்தால் கால் வைக்க இடமிராது. அதனால் அங்கே ஒரு சட்டம் இருந்தது. வசந்தத்தில் பாஸ்கா திருநாள் கழிந்ததும் சுவெற்றர், கோட், கம்பளிக் காலுறை எல்லாம் தோய்த்துக் காயவைத்து, பைகளிலும் மடிப்புகளிலும் பூச்சி உருண்டை போட்டு, நீலப் பெட்டிக்குள் அடைத்து மேலே ஏற்றப்படும். சேலைகளும் மெல்லிய சட்டைகளும் கீழே இறங்கும். நவம்பர் தொடக்கத்தில், சகல ஆத்துமாக்கள் திருநாளன்று நீலம் இறங்க, மண்ணிறம் ஏறும். சட்டம் போட்டவர் சவிரிமுத்து. வெளியே என்ன காற்று அடித்தாலும் அவர் காலண்டரைத்தான் கேட்பார்.

இந்த வருடம் குளிர் முந்திக்கொண்டு வந்தது.

"இஞ்சாருங்கோ, நீலப் பெட்டியை ஒருக்கா இறக்கித் தாருங்கோவன். காலமை பஸ்ஸுக்கு நிக்கேலாமக் கிடக்கு" என்று பியட்றிஸ் கேட்டாள்.

"கொஞ்சம் பொறுமன். திருநாள் வரட்டும்."

"குளிருக்கும் திருநாள் தெரியுமோ?" என்று சிரித்துவிட்டு அவள் தேநீர் வைக்கப் போனாள். சண்டை பிடிக்கிற மனிசி இல்லை. பிடித்திருக்கலாம் என்று இப்போது அவருக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை காலை, ஒரு கம்பனிக் கந்தோரைத் துடைக்கிற வேலைக்குப் போகும் வழியில், பஸ் தரிப்பில் விழுந்தாள். தலைக்குள் நரம்பு வெடித்ததாம். குளிரால் வந்ததோ என்று மார்கிரட்டைக் கொண்டு டாக்டரிடம் கேட்பித்தார் சவிரிமுத்து. இல்லை என்றார் டாக்டர். மறுநாளும் கேட்பித்தார். அப்போதும் இல்லைதான். ஆனால் அந்தத் தரிப்பில் அவள் மெல்லிய சட்டையோடு கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பாள். அதை எந்த டாக்டராலும் இல்லையென்று சொல்ல முடியாது.

பெட்டி ஒருவழியாக இறங்கியது. கயிற்றை அவிழ்த்துத் திறந்ததும் பூச்சி உருண்டை மணம் அறையை நிறைத்தது. எல்லாவற்றுக்கும் மேலே, கைகள் உள்ளே மடிந்தபடி, பியட்றிஸின் கத்தரிப்பூ நிறக் கோட் கிடந்தது. திறந்தவுடன் கைக்கு அகப்பட வேண்டும் என்று அவள் அதைக் கடைசியாகத்தான் வைப்பாள். சவிரிமுத்து அதை எடுத்து உதறினார்.

மார்கிரட் கூறையைப் பையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அது என்னத்துக்கு?"

"அவவுக்குப் போட."

"கூறைக்கு மேலையோ? இராஜதுரை அண்ணை படம் எடுக்க வாறார். அந்தப் படம் மன்னாருக்கு, அம்மாட்டை எல்லோ போகப்போகுது. அக்கா கோட்டோடை படத்துக்கு நிண்டவவே? உங்களுக்குத் தெரியாதே?"

அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? இந்த நாட்டுக்கு வந்த புதிதில் கோட்டோடு எடுத்த ஒரு படத்தை பியட்றிஸ் ஊருக்கு அனுப்பினாள். காய்ச்சல்காரி மாதிரி ஏன் போர்த்துக்கொண்டு நிற்கிறாய், அங்கே என்ன வருத்தம் என்று தாய் கேட்டு எழுதி, மடுமாதாவுக்கு நேர்த்திக்கடனும் வைத்துவிட்டாள். அன்றிலிருந்து படம் என்றால் பியட்றிஸ் கோட்டைக் கழற்றிவிடுவாள். சாக்ரே-கேர் கோயில் படிகளில் பனி கொட்டிக் கிடந்தபோதும் வெறும் சேலையோடு, பல் கிட்டியபடி, சிரித்துக்கொண்டு நின்றாள். சவிரிமுத்து படத்துக்கு அகப்படாத இடத்தில் கோட்டை விரித்துப் பிடித்தபடி நிற்பார். கமெரா கிளிக் என்றதும் ஓடிப்போய் அவள் தோளில் போடுவார். மருமகனை ஒரு படத்திலும் காணவில்லையே என்று மாமியார் கேட்டு எழுதியதை வாசித்து இருவரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள்.

"குளிருமெல்லோ" என்றார்.

"இனி அவவுக்குக் குளிருமே, அத்தான்?" சொல்லிவிட்டு, சொன்னதைத் தாங்க மாட்டாமல் மார்கிரட் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். அவர் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு அவள் எழும்பும்வரை நின்றார்.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. லா ஷப்பேல் மெத்ரோ ரயில் நிலையப் படிகளில் ஏறும்போது, "நீங்களாவது போட்டுக்கொண்டு வாங்கோவன், நனையிறியள்" என்றாள் மார்கிரட். அவர் கோட்டை மடித்துத் தன் சட்டைக்குள் பாதி மறைத்துக்கொண்டார். மெத்ரோவில் பக்கத்திலிருந்த வெள்ளைக்காரக் கிழவி பூச்சி உருண்டை மணத்துக்கு மூக்கைச் சுளித்து இடம் மாறினாள்.

ஆஸ்பத்திரியின் பின்பக்க அறையில் பியட்றிஸைச் சவப்பெட்டியில் வைத்திருந்தார்கள். மார்கிரட் கூறையை உடுத்தி, தலையை இழுத்து வாரி, கைகளில் செபமாலையைச் சுற்றியிருந்தாள். தெரிந்த சனம் பத்துப் பன்னிரண்டு பேர் செபம் சொல்லி முடித்தார்கள். பக்கத்து வீட்டு இராஜதுரை கமெராவோடு ஒரு கதிரையில் ஏறினார். சாக்ரே-கேர் படம் உட்பட எல்லாம் எடுத்தவர் அவர்தான்.

"கொஞ்சம் விலகுங்கோ. சவிரிமுத்தண்ணை, நீங்கள் கிட்ட வந்து நில்லுங்கோ. ஊரிலை உங்கடை மாமியார் மனிசி உங்களை ஒரு படத்திலையும் காணேல்லை எண்டு சொல்லுறது. இதிலையாவது நில்லுங்கோவன்."

சவிரிமுத்து வரவில்லை. தலைமாட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, சுவரோரமாக, கோட்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி நின்றார். இராஜதுரை கமெராவுக்கு மேலாக அவரைப் பார்த்தார். பிறகு கண்ணைக் கமெராவில் வைத்தார்.

வெளிச்சம் மின்னியது. கிளிக்.

சவிரிமுத்து விரைந்து போய்க் கோட்டைப் பியட்றிஸின் மேல் போட்டார். தோள் மூடியது. கழுத்துப் பக்கம் சரியாக வரவில்லை.

சவப்பெட்டி மூடியோடு வந்த பிரெஞ்சுக்காரன் ஏதோ கேட்டான். மார்கிரட் பிரெஞ்சில் இரண்டு சொல் சொன்னாள். அவன் மூடியைச் சுவரில் சாத்திவைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவள் குனிந்து, அக்காவின் கழுத்துக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கி, கொலரை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு கோட்டின் மேல் பொத்தானைப் போட்டாள்.

"போதுமே, அத்தான்?"

"பொறும் பிள்ளை" என்றார் அவர்.

கோட்டின் இரண்டு பைக்குள்ளும் கையை விட்டுத் துழாவினார். பூச்சி உருண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு, மூடலாம் என்று தலையசைத்தார்.