ஒன்பதாவது பலகை

என் அண்ணனுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் நொட்டை. நான் செய்யும் சின்னக் கப்பல்களில் ஒன்றையாவது அவன் நொட்டை சொல்லாமல் விட்டதில்லை. பாய்மரம் இம்மியளவு சாய்ந்திருந்தாலும் போதும், கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்து, நகத்தால் தட்டி நேராக்கிவிட்டுத்தான் டீயைத் தொடுவான். நிஜக் கப்பலில் சுக்கான் பிடிப்பவன். என் மேஜைமேல் நிற்கும் கப்பலுக்கும் தானே பொறுப்பு என்று நினைப்பு.

அப்படிப்பட்டவன் அன்று மத்தியானம் என் பட்டறைக்குள் வந்து, தளம் போடாமல் நின்ற கப்பலை ஏறெடுத்தும் பார்க்காமல், "மூணு மில்லி பலகையே போட்டுடு" என்றான்.

அது அழகுக்குச் செய்த கப்பல் இல்லை. விசாரணைக்குச் செய்தது. அவன் ஓட்டிய பாய்க்கப்பலில் ஒரு விபத்து. சுக்கானைத் திருப்பினால் பெரிய பாயின் அடிக்கட்டை தளத்தின் குறுக்கே வீசிக்கொண்டு போகும். அதனால் திருப்புவதற்கு முன் பார்க்க வேண்டும், ஆள் இருந்தால் கத்த வேண்டும். அன்று கட்டை வீசியதில் ஒரு மாலுமிக்கு இடுப்பு உடைந்தது. ஒல்லி என்று எல்லோரும் கூப்பிடுகிற மனிதர். "பார்த்தேன், யாரும் கண்ணில் படவில்லை" என்று அண்ணன் எழுதிக் கொடுத்தான். "பாய்மரத்துக்கும் நடு அறைக்கும் இடையில், ஓரத்திலிருந்து ஒன்பதாவது பலகையில் நின்றேன், சுக்கானிலிருந்து நன்றாகத் தெரியும் இடம்" என்று ஒல்லி எழுதிக் கொடுத்தார். தினமும் தேய்த்துக் கழுவிய தளம், அவருக்குப் பலகை தெரியாதா?

இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார். ஒல்லி என்றால், அறை மறைக்கும் இடத்தில் போய் நின்று தானே அடி வாங்கிக்கொண்டார் என்று ஆகும். அண்ணன் என்றால், இனி ஜென்மத்துக்கும் அவன் சுக்கானைத் தொட முடியாது. போய்ப் பார்த்துவிடலாம் என்றால் அந்தக் கப்பல் அடுத்த மாதமே துறைமுகத்தில் எரிந்துபோயிற்று.

மிஞ்சியது வரைபடம். அதில் எல்லா அளவும் இருந்தது, தளப் பலகையின் அகலம் மட்டும் இல்லை. சுக்கான் பிடித்தது என் அண்ணன்தான் என்று விசாரணை அதிகாரியிடம் முதலிலேயே சொன்னேன். "இங்க இந்த வேலைக்கு வேற யாரும்மா இருக்கா? பலகை வழக்கமான அளவுல போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நிஜத்தில் ஐம்பது சென்டிமீட்டர் என்றால் என் கப்பலில் ஒன்று. வழக்கமான பலகை பதினைந்து சென்டிமீட்டர், அதற்கு மூன்று மில்லி. கடையில் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். ஆனால் என் பசை டப்பாக்கள் உட்கார்ந்திருக்கும் சுவர்ப்பலகை அந்தக் கப்பலில் இருந்து வந்தது. பழுது பார்த்தபோது மிஞ்சியதை அண்ணனே தோளில் தூக்கிவந்து மாட்டிக் கொடுத்தான். அதன் அகலம் பன்னிரண்டு. அதாவது இரண்டு புள்ளி நான்கு மில்லி. அகலம் குறைந்தால் ஒன்பதாவது பலகை ஓரத்துக்கு நெருங்கி வந்துவிடும். இது எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும்.

"அந்தப் பலகையைக் கழட்டி அடுப்புல போட்டுடு" என்றான்.

தளத்தில் பசையில்லாமல் இடப்பக்கம் மூன்று மில்லி, வலப்பக்கம் இரண்டு புள்ளி நான்கு என்று அடுக்கினேன். சுக்கான் இடத்தில் ஓர் ஊசியைக் குத்தி, நடுவில் இருந்த அறையின் மூலையைத் தொட்டுக்கொண்டு போகும்படி இரண்டு பக்கமும் நூல் இழுத்துக் கட்டினேன். நூலுக்குக் கடல் பக்கம் இருப்பதெல்லாம் சுக்கான்காரன் கண்ணில் படும். உள்பக்கம் இருப்பதை அறை மறைத்துவிடும்.

ஒரு தீக்குச்சியில் ஆள் செதுக்கி, எந்தப் பக்கம் பார்க்கிறான் என்று தெரிய மூக்கும் வைத்திருந்தேன். இடப்பக்கம் ஒன்பதாவது பலகையில் நிறுத்தினேன். மறைந்துவிட்டான். வலப்பக்கம் நிறுத்தினேன். நூலைத் தாண்டி, பட்டப்பகலாகத் தெரிந்தான்.

அண்ணன் பசை டப்பாவை என் பக்கம் நகர்த்தினான்.

"கடையில விக்கிற அளவைப் போட்டா யாரு உன்னைக் கேக்கப் போறா?"

"நீ அவரைப் பார்த்தியா, இல்லையா? அதைச் சொல்லு முதல்ல."

"பார்க்கல. எத்தனை தடவை சொல்றது? உனக்கு அண்ணன் வேணுமா, பலகை வேணுமா?"

நம்பத்தான் ஆசைப்பட்டேன். ஒல்லி பலகையைத் தப்பாக எண்ணியிருக்கலாம், பத்தாவதோ பதினொன்றாவதோ என்று மனசு வக்காலத்து வாங்கியது. மூன்று மில்லிப் பலகைகளை எடுத்து, பசை டப்பாவின் மூடியையும் திறந்துவிட்டேன்.

அப்போதுதான் அவன் குனிந்து தளத்தைப் பார்த்தான். தீக்குச்சி ஆளை நான் முன்பக்கம் பார்க்க நிறுத்தியிருந்தேன். அண்ணன் ஆள்காட்டி விரல் நகத்தால் அதைத் தட்டி, மெல்லத் திருப்பி, கடலைப் பார்க்க வைத்தான். பாய்மரத்தை நேராக்குகிற அதே தட்டல். வைத்துவிட்டுச் சரியா என்று தலையைச் சாய்த்தும் பார்த்தான்.

ஒல்லி எந்தப் பக்கம் பார்த்து நின்றார் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. அடிபட்ட பிறகு எல்லோரும் பார்த்தது அவர் தரையில் சுருண்டு கிடந்ததைத்தான்.

"அண்ணே" என்றேன்.

அவன் தன் விரலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். டீயைத் தொடாமலே போய்விட்டான்.

எனக்கு அவன்மேல் வந்த கோபம் இவ்வளவு அவ்வளவு இல்லை. பொய் சொன்னதற்கு இல்லை, அதற்கு என்னைக் கூட்டுச் சேர்க்க வந்ததற்கு. மூன்று மில்லிப் பலகைகளை மூலையில் விட்டெறிந்தேன். இரண்டு புள்ளி நான்கு கடையில் கிடைக்காது, ஒவ்வொன்றாக நானே அறுத்துத் தேய்க்க வேண்டும். தேய்த்தேன். நடுவில் அண்ணி போன் செய்து, "அவர் சாப்பிடவே இல்ல, உங்களுக்குள்ள என்ன சண்டை?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். எத்தனை முறை அழுதேன் என்று கேட்காதீர்கள், பசை மட்டும் ஒழுங்காகக் காய்ந்தது.

விசாரணை அறையில் கப்பலை மேஜைமேல் வைத்து, சுவரிலிருந்து கழற்றிய பலகையைப் பக்கத்தில் வைத்தேன். அது எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தது என்று சொன்னேன். அண்ணன் எதிர்வரிசையில் இருந்தான், ஒல்லி கைத்தடியோடு சுவரோரம். அதிகாரி பலகையின் அகலத்தை அளந்து பார்த்துவிட்டு நூலைக் கையில் எடுத்தார்.

"நூல் வேண்டாம் சார்" என்று அண்ணன் எழுந்தான். "அவரு நின்னதைப் பார்த்தேன். காத்து திடீர்னு மாறிடுச்சு, உடனே திருப்ப வேண்டியதாப் போச்சு. கட்டை வர்றதைப் பார்த்து விலகிடுவாருன்னு நினைச்சேன்."

ஒல்லி கைத்தடியை ஊன்றி, தளத்தில் நின்ற தீக்குச்சி ஆளை எட்டிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"நான்தான் முதுகைக் காட்டிக்கிட்டு நின்னேனேப்பா" என்றார். "எனக்கு எப்படித் தெரியும்? ஒரு சத்தம் போட்டிருக்கலாமே."